“நெக்ஸ்ட் ஃப்ரைடே” என்று மெயில் வந்தால்: ஏற்றுமதி மேஜைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு நார் மில்லிலோ காயர் பித் (தென்னை நார்த்தூள்) கம்பெனியிலோ டெஸ்பாட்ச் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. மெயில் எல்லாம் இங்கிலீஷில் வருகிறது. கடினமான வார்த்தை வந்தால் பயமில்லை, அகராதி பார்த்துக்கொள்ளலாம். கவிழ்ப்பவை எல்லாம் எளிய வார்த்தைகள்: ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’, ‘பை மந்த் எண்ட்’, ‘வித்தின் டென் டேஸ்’, ‘ஈ.ஓ.டி.’ (எண்ட் ஆஃப் டே). அனுப்பியவர் தெளிவாகச் சொல்லிவிட்டதாக நினைப்பார். நீங்களும் தெளிவாகப் புரிந்துகொண்டதாக நினைப்பீர்கள். இருவர் மனதிலும் வேறு வேறு தேதி இருக்கும். லாரி கிளம்பிய பிறகுதான் அது வெளியே வரும்.

இதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. பேங்குக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கும் அலைந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

1. முதல் வாரத்திலேயே கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை, பிரிண்ட் எடுக்கும் காசுதான்.

வார எண் போட்ட காலண்டர் ஒன்று வேண்டும். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அது இருக்காது. ஏன் தேவை என்பது 4-ஆம் படியில் வருகிறது.

அடுத்தது, இரண்டு மாநிலங்களின் பேங்க் விடுமுறைப் பட்டியல். மில் கேரளத்தில், கணக்கு பொள்ளாச்சிக் கிளையில், ஏஜென்ட் கொச்சியில் என்று இருப்பது நம் எல்லையில் சாதாரணம். திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் அன்று பொள்ளாச்சியில் பேங்க் கிடையாது, பாலக்காட்டில் உண்டு. ஓணத்துக்கு நேர் எதிர். கோவை மாவட்டத்துக்கு ஓணத்தன்று கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்தாலும் அது பேங்குக்குப் பொருந்தாது. 2023-ல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15 என்று அடுத்தடுத்து வந்தன. அப்படி வரும் ஆண்டுகளில் ‘ஒரு வேலை நாள்’ என்பதற்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இரு பக்கமும் பேங்க் இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு ஆர்டருக்கும் உரிய லெட்டர் ஆஃப் கிரெடிட், சுருக்கமாக எல்.சி.யின் நகல். சொன்ன தேதிக்குள் சொன்ன டாக்குமென்ட் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதம் அது. பல அலுவலகங்களில் இது கணக்குப் பிள்ளையின் ஃபைலில் மட்டும் இருக்கும். கேட்டு வாங்கி உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதிகளின் கடைசி நீதிபதி அதுதான்.

2. ‘நெக்ஸ்ட்’, ‘திஸ்’, ‘லாஸ்ட்’ வந்தால் உடனே தேதியாக்குங்கள்

2026 ஜூன் 10, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர், “சாம்பிளை நெக்ஸ்ட் ஃப்ரைடே அனுப்புங்கள்” என்று எழுதுகிறார். அது ஜூன் 12-ஆ, 19-ஆ?

இரண்டும் சரிதான். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, வரப்போகிற முதல் வெள்ளி ‘நெக்ஸ்ட்’. இன்னொரு கட்சிக்கு, இந்த வாரத்து வெள்ளி ‘திஸ் ஃப்ரைடே’, அடுத்த வாரத்து வெள்ளிதான் ‘நெக்ஸ்ட்’. வியாழக்கிழமை உட்கார்ந்து ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று எழுதுபவர் நாளைக்கு என்ற பொருளில் எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை எழுதினால் ஐந்து நாளில் வரும் வெள்ளியாகவும் இருக்கலாம், அதற்கடுத்ததாகவும் இருக்கலாம். எனவே மெயில் எந்தக் கிழமையில் எழுதப்பட்டது என்று பாருங்கள். அது ஊகத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது.

‘திஸ் ஃப்ரைடே’ ஓரளவு பத்திரம். ‘கமிங் ஃப்ரைடே’ இன்னும் பத்திரம். ‘ஃப்ரைடே வீக்’ என்று பிரிட்டனிலிருந்து வந்தால் குழம்ப வேண்டாம். வருகிற வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்து என்று பொருள். மேலே சொன்ன புதன்கிழமைக்கு அது ஜூன் 19. ‘ஃபோர்ட்நைட்’ என்பது 14 நாள். அமெரிக்கர்கள் அந்த வார்த்தையை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை, நீங்களும் அவர்களுக்கு எழுதாதீர்கள்.

‘லாஸ்ட் டியூஸ்டே’யிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பேமென்ட்டைத் தேடும்போது “லாஸ்ட் டியூஸ்டே அனுப்பிவிட்டோம்” என்பார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு செவ்வாய்களையும் பாருங்கள், அப்புறம் பதில் எழுதுங்கள்.

லாரி டிரைவர்களோடு பேசும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. மலையாளத்தில் ‘மற்றந்நாள்’ என்றால் நாளைக்கு அடுத்த நாள். நம் காதில் அது ‘மறுநாள்’ என்று விழும். லோடு சொல்லும்போது கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

3. நாள் எண்ணும்போது எது முதல் நாள் என்று கேளுங்கள்

‘வித்தின் டென் டேஸ்’ என்று ஜூன் 10-ஆம் தேதி மெயில் வருகிறது. எண்ணிப் பார்ப்போம்.

மறுநாளிலிருந்து எல்லா நாளையும் எண்ணினால் ஜூன் 20. மில்லின் வேலை நாட்களை, அதாவது ஞாயிறு மட்டும் விட்டு, எண்ணினால் ஜூன் 22. பேங்க் வேலை நாட்களை எண்ணினால் 13-ஆம் தேதி இரண்டாம் சனி என்பதால் ஜூன் 23. சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக இருக்கிற ஐரோப்பிய அலுவலகக் கணக்கில் ஜூன் 24. ஒரே வாக்கியத்துக்கு நான்கு தேதிகள். ஜூன் 10-ஐயே முதல் நாளாக எண்ணுபவர் இருந்தால் ஜூன் 19 என்று ஐந்தாவது தேதியும் வரும். இன்றையும் சேர்த்து எண்ணும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதால் இதில் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டங்களுக்கு இதில் ஒரு முறை இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட், 9-ஆம் பிரிவின்படி ‘ஃப்ரம்’ என்ற சொல் முதல் நாளை விலக்கும், ‘டு’ என்ற சொல் கடைசி நாளைச் சேர்க்கும். 10-ஆம் பிரிவின்படி, கடைசி நாளில் அந்த அரசு அலுவலகமோ கோர்ட்டோ மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் சரிதான். ஆனால் இது மத்தியச் சட்டங்களைப் படிப்பதற்கான விதி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் மெயிலை இது கட்டுப்படுத்தாது.

பணம் அதிகம் போகும் இடம் கன்டெய்னரின் ஃப்ரீ டேஸ், அதாவது கட்டணம் இல்லாமல் பெட்டியை வைத்திருக்க விடும் நாட்கள். காலிப் பெட்டியை யார்டிலிருந்து எடுத்த நாளும் கணக்கில் சேருமா, காலண்டர் நாளா வேலை நாளா, திரும்ப உள்ளே விடும் நாள் சேருமா என்று மூன்று கேள்விகளையும் ஷிப்பிங் லைனிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு லைனுக்கும் டிடென்ஷன், அதாவது தாமதக் கட்டண விகிதம் வேறு. ஃப்ரீ டேஸ் தாண்டிய பிறகு நாளாக நாளாக விகிதம் ஏறுவதும் வழக்கம். லோடு ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் சேரும் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். காலையா மாலையா என்பதுதான் தகராறு. ‘குளோஸ்ட் டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளியன்று திறந்திருக்குமா என்பதும் ஆளைப் பொறுத்தது. போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

‘பைவீக்லி’, ‘பைமந்த்லி’ இரண்டையும் நம்பவே வேண்டாம். வாரம் இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு பொருளும் அகராதியிலேயே இருக்கின்றன. கேரள மின்வாரியத்தின் வீட்டு பில் ‘பைமந்த்லி’ என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று நமக்குத் தெரியும். அதே அர்த்தத்தில் வாங்குபவர் ‘பைமந்த்லி ஷிப்மென்ட்’ என்று எழுதினார் என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு எத்தனை கன்டெய்னர் என்று எண்ணாகக் கேளுங்கள்.

மீட்டிங்கை ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்கிறோம் என்றால் சிலர் முன்னதாக என்பார்கள், சிலர் தள்ளி என்பார்கள். ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் முன்னதாக. ‘புஷ் பேக்’ என்றால் தள்ளிப்போடுவது. நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்தியாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாத சொல், அதைத் தவிருங்கள்.

4. எண்ணால் எழுதிய தேதியும் வார எண்ணும்

04/05/2026 என்றால் நமக்கும் பிரிட்டனுக்கும் மே 4. அமெரிக்காவுக்கு ஏப்ரல் 5. தேதி 12-ஐத் தாண்டினால் தானே புரிந்துவிடும், 12-க்குள் இருக்கும்போதுதான் ஆபத்து. நீங்கள் எழுதும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மெயில் எல்லாவற்றிலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். எக்செல் ஷீட் அனுப்பும்போது 2026-05-04 என்ற சர்வதேச முறை நல்லது. திறப்பவரின் கம்ப்யூட்டர் அமைப்பைப் பொறுத்து எக்செல் தேதியைப் புரட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டச்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் தேதியே எழுதாமல் “வீக் 14-ல் ஏற்றுங்கள்” என்பார்கள். நமக்குப் பழக்கமில்லாத முறை, ஆனால் அவர்களுக்கு இது அன்றாடம். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரத்தின்படி வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அது வீக் 1. அந்தக் கணக்கில் 2026-ன் வீக் 1, 2025 டிசம்பர் 29-ல் தொடங்குகிறது. வீக் 14 மார்ச் 30-ல் தொடங்குகிறது.

அமெரிக்க முறையில் வாரம் ஞாயிறன்று தொடங்கும், ஜனவரி 1 உள்ள வாரமே வீக் 1. 2026-ல் இரண்டு முறைக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம், அதனால் சிக்கல் கண்ணில் படாது. 2027-ல் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஐ.எஸ்.ஓ. கணக்கில் வீக் 1 ஜனவரி 4-ல்தான் தொடங்கும், ஆகவே ஆண்டு முழுக்க இரண்டு முறைக்கும் ஏறக்குறைய ஒரு முழு வாரம் இடிக்கும். எக்செல்லில் ‘வீக்நம்’ என்று போட்டால் அமெரிக்க முறையில் வரும், ‘ஐஎஸ்ஓவீக்நம்’ என்று போட்டால் ஐரோப்பிய முறையில் வரும். ஐரோப்பிய ஆர்டர்களுக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். 2026-ல் ஐ.எஸ்.ஓ. கணக்குக்கு 53 வாரங்கள் உண்டு என்பதால் டிசம்பர் கடைசி ஆர்டர்களை ஒருமுறை கூடுதலாகச் சரிபாருங்கள்.

5. மணி: நள்ளிரவைத் தாண்டும் எதையும் 24 மணி முறையில் எழுதுங்கள்

‘மிட்நைட் ஆஃப் 15’ என்றால் 15 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. ‘12 ஏ.எம்.’ என்பது நள்ளிரவு, ‘12 பி.எம்.’ என்பது நண்பகல் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள், ஆனாலும் மாற்றி எழுதுபவர்கள் நிறைய. கட்-ஆஃப், அதாவது கெடு முடியும் நேரத்தை 23:59 என்றோ 00:01 என்றோ எழுதச் சொல்லுங்கள்.

நமக்கு ராத்திரி என்பது விடியும்வரை ஒன்றே. “வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு லாரி” என்று சொன்னால் அது காலண்டரில் சனிக்கிழமை. நெடும்பாசேரியிலிருந்து அதிகாலை 2:30-க்குக் கிளம்பும் வளைகுடா விமானத்துக்கும் இதே கதை. டிக்கெட்டில் 15 என்றிருந்தால் 14-ஆம் தேதி ராத்திரியே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

ரயிலில் இன்னொரு நுணுக்கம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, பயண நாள் அதில் சேராது. இந்த 60 நாள், ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷனின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. தத்காலும் அப்படித்தான். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி, முதல் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் தேதிக்கு முந்தைய நாள். ஒரு ரயில் 14-ஆம் தேதி மாலை எங்கோ கிளம்பிப் பாலக்காட்டுக்கு 15-ஆம் தேதி 00:40-க்கு வந்தால், உங்கள் டிக்கெட்டில் 15 இருக்கும், தத்கால் மட்டும் 13-ஆம் தேதியே திறந்துவிடும்.

‘ஹாஃப் செவன்’ பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ்காரர் சொன்னால் 7:30. டச்சு, ஜெர்மன் மொழிகளில் அதே சொற்களுக்கு 6:30 என்று பொருள், அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷிலும் சொல்லிவிடுவார்கள். வீடியோ காலுக்கு நேரம் குறிக்கும்போது எண்ணை எழுதி அனுப்பிவிடுங்கள்.

6. யாருடைய கடிகாரம், யாருடைய வாரம்

‘ஈ.ஓ.டி. ஃப்ரைடே’ என்று நியூயார்க்கிலிருந்து வந்தால், அவர்களின் மாலை 5 மணி நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 2:30. குளிர்காலத்தில் 3:30. நெதர்லாந்தின் மாலை 5 மணி, கோடையில் நமக்கு இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே, ஆண்டு முழுதும் மாற்றமில்லை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாற்றிவிடுகிறது. நடுவில் உள்ள அந்த வாரங்களில் மூன்று நாட்டார் சேரும் கால்களின் நேரத்தைத் தனியாகச் சரிபாருங்கள். திரும்பி வருவது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு.

நேரத்தோடு போடும் ‘ஐ.எஸ்.டி.’ (IST) என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை, அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதுவே. ‘சி.எஸ்.டி.’ (CST) அமெரிக்காவில் ஒரு நேரம், சீனாவில் வேறு நேரம். ஊர்ப் பெயரைப் போட்டு ‘கொச்சி நேரம் 18:00’ என்று எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

வாரக் கடைசியும் ஊருக்கு ஊர் மாறும். சவுதி, கத்தார், குவைத், ஓமன் நாடுகளில் வெள்ளி, சனி விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். சார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுமே விடுமுறை. “வாரத் தொடக்கத்தில் பணம் அனுப்புகிறோம்” என்று ரியாத்திலிருந்து சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமை. அன்று நம் பேங்க் திறக்காது. திங்களுக்கு முன் கணக்கில் பார்க்க வேண்டாம்.

7. எல்.சி.யில் வரும் நேரச் சொற்கள்: ஊகத்துக்கு இடமே இல்லை

இந்தப் படியை மெதுவாகப் படியுங்கள். மெயிலில் வந்த ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ தவறினால் கோபத்தோடு போய்விடும். எல்.சி.யில் தேதி தவறினால் பேங்க் பணத்தை நிறுத்திவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இங்கே வார்த்தைகளுக்குப் பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேச வர்த்தக சபையின் யு.சி.பி. 600 என்ற விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. உங்கள் எல்.சி.யில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதன் 3-ஆம் விதி சொல்வது இது:

‘ஆன் ஆர் அபௌட் 15 ஜூன்’ என்றால் ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும், இரு முனைகளும் சேர்த்து. ஜூன் 10 முதல் 20 வரை. ஜூன் 9-ல் ஏற்றினாலும் தவறுதான்.

ஷிப்மென்ட் காலத்தைச் சொல்லும்போது ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ ஆகியவை குறிப்பிட்ட தேதியைச் சேர்க்கும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ சேர்க்காது. ‘பிஃபோர் 15 ஜூன்’ என்றால் 14-க்குள் ஏற்றியாக வேண்டும்.

பணம் முதிரும் நாளை, அதாவது பணம் தர வேண்டிய நாளைக் கணக்கிடும்போது மட்டும் ‘ஃப்ரம்’ என்ற அதே சொல் அந்தத் தேதியை விலக்கும். பில் ஆஃப் லேடிங் (பி.எல்., சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) தேதி ஜூன் 10, ‘60 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்’ என்றால் ஆகஸ்ட் 9. அது ஞாயிறு, ஆகவே பணம் திங்களுக்குத்தான். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடப்பதால் இந்த வரியை அடிக்கோடு இட்டு வையுங்கள்.

மாதத்தின் ‘ஃபர்ஸ்ட் ஹாஃப்’ 1 முதல் 15, ‘செகண்ட் ஹாஃப்’ 16 முதல் கடைசி நாள். ‘பிகினிங்’ 1 முதல் 10, ‘மிடில்’ 11 முதல் 20, ‘எண்ட்’ 21 முதல் கடைசி நாள். வாங்குபவர் மெயிலில் ‘எண்ட் ஆஃப் ஜூன்’ என்றால் 30-ஐ நினைத்திருப்பார். எல்.சி.யில் அதே சொல் இருந்தால் 21-லிருந்தே ஏற்றலாம்.

‘ப்ராம்ப்ட்’, ‘இம்மீடியட்லி’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்’ ஆகியவற்றைப் பேங்க் கணக்கில் எடுக்காது. ஷிப்மென்ட்டுக்கு அப்படி ஒரு சொல் மட்டும் இருந்தால் தேதி போட்டுத் திருத்தம் கேளுங்கள்.

அப்புறம் எல்.சி.யின் கட்டங்களைப் பாருங்கள். 44சி கடைசி ஷிப்மென்ட் தேதி. 48 டாக்குமென்ட் கொடுக்க வேண்டிய காலம். அது காலியாக இருந்தால் ஷிப்மென்ட்டுக்குப் பின் 21 காலண்டர் நாட்கள். ஜூன் 10-ல் ஏற்றினால் ஜூலை 1. ஆனால் எல்.சி. அதற்கு முன்பே காலாவதியானால் அந்தத் தேதிதான் எல்லை. 31டி காலாவதித் தேதியும் இடமும். இடத்தைக் கட்டாயம் பாருங்கள். இடம் இந்தியா என்றிருந்தால் நம் பேங்கில் கொடுத்தால் போதும். வாங்குபவர் நாடு என்றிருந்தால் டாக்குமென்ட் அங்கே போய்ச் சேர வேண்டும், கூரியர் நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள். பேங்க் நேரம் முடிந்த பிறகு கொண்டுபோனால் அன்றைய கணக்கில் வாங்க வேண்டிய கட்டாயம் பேங்குக்கு இல்லை. வாங்கிய பிறகு சரிபார்க்க அவர்களுக்கு ஐந்து பேங்க் நாட்கள் வரை உண்டு.

காலாவதித் தேதி திருவோணத்தன்று விழுந்து, டாக்குமென்ட் கொடுக்க வேண்டிய பேங்க் மூடியிருந்தால், 29-ஆம் விதிப்படி அடுத்த பேங்க் நாள் வரை நீளும். கடைசி ஷிப்மென்ட் தேதி மட்டும் எந்த விடுமுறைக்கும் நீளாது. நம் பக்கத்துக்கு இன்னும் முக்கியமானது ஹர்த்தாலும் வேலைநிறுத்தமும். வேலைநிறுத்தத்தால் பேங்க் அடைபட்டு, அந்த நாளில் எல்.சி. காலாவதியானால், 36-ஆம் விதிப்படி பேங்க் திரும்பத் திறந்த பிறகு அதை ஏற்காது. விடுமுறைக்குக் கிடைக்கும் சலுகை இதற்குக் கிடையாது. எனவே கடைசி நாளை நம்பி டாக்குமென்ட்டை வைத்திருக்காதீர்கள். பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்த இரண்டு மூன்று நாளில் பேங்கில் கொடுத்துவிடுவது பழக்கமாகட்டும்.

தேதி இடித்தால் செலவு இரண்டு வகை. முன்பே தெரிந்து திருத்தம் கேட்டால் அமெண்ட்மென்ட் கட்டணம். தெரியாமல் கொடுத்து மாட்டினால் டிஸ்கிரெபன்சி கட்டணம். அதன் தொகை பெரும்பாலும் எல்.சி.யிலேயே எழுதியிருக்கும். அதைவிடப் பெரிது, பணம் வருவது வாங்குபவரின் சம்மதத்துக்குப் போய்விடும். சந்தையில் விலை இறங்கியிருந்தால் அவர் தள்ளுபடி கேட்பார்.

8. இ-வே பில்லின் ‘ஒரு நாள்’

இ-வே பில் என்பது லாரியில் சரக்கு போவதற்கு ஜி.எஸ்.டி.யின் கீழ் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கொச்சிக்குப் போகும் லோடுக்கு இது தினமும் வரும். 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கொச்சிக்கு ஒரு நாள் போதும். தூத்துக்குடிக்கு 200-ஐத் தாண்டும், அதனால் இரண்டு நாள் கிடைக்கும். வண்டி நம்பரைச் சேர்க்கும் பார்ட்-பி முதல்முறை பதிவானபோதுதான் கணக்கு தொடங்கும்.

‘ஒரு நாள்’ என்றால் 24 மணி நேரம் என்று எண்ணாதீர்கள். பதிவான தேதிக்கு அடுத்த நாளின் நள்ளிரவு வரை முதல் நாள். மார்ச் 14-ஆம் தேதி 00:04-க்குப் பதிவு செய்தால் மார்ச் 15 முடியும் நள்ளிரவு வரை செல்லும், ஏறக்குறைய 48 மணி நேரம். 14-ஆம் தேதி 23:50-க்குப் பதிவு செய்தாலும் அதே நள்ளிரவுதான், 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இரவு லோடுக்கு அவசரம் இல்லாவிட்டால் நள்ளிரவு தாண்டிய பின் வண்டி நம்பரைப் போடுங்கள், கூடுதலாக ஒரு நாள் கிடைக்கும். பதிவு செய்யாமல் வண்டியை மட்டும் வெளியே விட்டுவிடக் கூடாது.

வண்டி பழுதாகி நேரம் போதாவிட்டால், காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் நீட்டிக்கலாம். அதையும் விட்டுப் பிடிபட்டால், சரக்கின் உரிமையாளர் முன்வந்து கட்டும்போதே அபராதம் வரியைப் போல 200 சதவீதம் வரை போகும். டிரைவர் போனில் அலாரம் வைத்து அனுப்புங்கள்.

9. அன்றே எழுதிக் கேளுங்கள்

நேரச் சொல் ஒன்று மெயிலில் வந்ததும் பதிலில் நான்கு விவரங்களைத் திருப்பி எழுதுங்கள்: கிழமை, மாதம் எழுத்தில் உள்ள தேதி, 24 மணி முறையில் நேரம், எந்த ஊர் நேரம். “சாம்பிளை வெள்ளிக்கிழமை, 19 ஜூன் 2026, கொச்சி நேரம் 17:00 மணிக்குள் கூரியரில் கொடுக்கிறோம். வேறு தேதி என்றால் சொல்லுங்கள்” என்ற அளவில் ஒரே வரி போதும். “எந்த வெள்ளி?” என்று கேட்டால் சிலர் மறுபடியும் ‘நெக்ஸ்ட் வீக்’ என்றே பதில் எழுதுவார்கள். தேதியை நீங்கள் போட்டுக் கேட்டால் ‘எஸ்’ என்று வந்துவிடும். கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று அனுப்பும் முன் காலண்டரில் பாருங்கள், அது பொருந்தாவிட்டால் புதுக் குழப்பம்.

போனில் பேசி முடிவானாலும் அதே வரியை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டுவிடுங்கள். ஏஜென்ட்டிடம் பேசினால் கட்-ஆஃப் எது என்று பிரித்துக் கேளுங்கள். துறைமுகக் கேட்டுக்குள் கன்டெய்னர் போக வேண்டிய நேரம் வேறு, பில் ஆஃப் லேடிங்குக்கான விவரம் தரும் ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது பெரும்பாலும் முன்னதாக வரும்.

பதிலே வராவிட்டால், வேலையை இரண்டில் முந்தைய தேதிக்குத் தயார் செய்யுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். சாம்பிள் கட்டி வைப்பதிலும் டாக்குமென்ட் எழுதி வைப்பதிலும் நஷ்டமில்லை. காலிப் பெட்டியை எடுப்பது, லாரியை விடுவது இரண்டும் பதில் வந்த பிறகுதான். பெட்டியை முன்பே எடுத்தால் ஃப்ரீ டேஸ் ஓடத் தொடங்கிவிடும். ‘ஆன் ஆர் அபௌட்’ என்று உள்ள எல்.சி.க்கு முன்கூட்டி ஏற்றுவதும் தாமதமாக ஏற்றுவதும் ஒரே குற்றம். இரண்டாம் முறை மெயில் அனுப்பும்போது அவர்கள் ஊரின் காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். நெதர்லாந்துக்கு என்றால் கோடையில் நம் 12:30, குளிர்காலத்தில் 13:30.